நீலம் பாரித்த தலைவர்

முகப்பேர் குறிஞ்சிக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர் இராமகிருஷ்ணனுக்கு உலகத்தில் இரண்டு விஷயங்கள்தான் முக்கியம். ஒன்று, தலைவர் பதவி. மற்றது, தலைவர் என்கிற முறையில் 'நாலு வார்த்தை' பேசுவது. அந்த நாலு வார்த்தை முடிவதற்குள் மொட்டை மாடியில் காயப்போட்ட வடாம் காய்ந்துவிடும்.

ஆவடியில் டாங்கி செய்கிற தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் அவருக்கு உத்தியோகம். நட்டு, போல்ட்டு, வாஷர் எடுத்துக் கொடுத்துவிட்டு எழுதி வைக்கிற வேலை. ஆனால் அவர் பேச்சைக் கேட்பவர்களுக்கு, எல்லையில் ஏதாவது சலசலப்பு என்றால் டெல்லியிலிருந்து முதல் போன் இவருக்குத்தான் வரும் என்று தோன்றும்.

பல வருஷமாக அவர்தான் தலைவர். அந்த நாற்காலியை வேறு யாரும் கேட்டதில்லை என்பதுதான் அதற்குக் காரணம். அதை மக்களின் பேராதரவு என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார். தொண்ணூற்றேழில் அதற்கு ஆபத்து வந்தது. கீழ்த்தளத்தில் குடியிருந்த பார்வதம் தேர்தலில் நிற்கப் போவதாகச் சொல்லிவிட்டாள். பஸ் கண்டக்டரின் மனைவி. சாக்கடை அடைத்துக்கொண்டால் முதலில் கொப்பளிப்பது கீழ்த்தளக் குளியலறையில்தான் என்பதால், அவளுக்குச் சொந்த அனுபவத்திலிருந்து பிறந்த கொள்கைகள் இருந்தன. தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டும், சாக்கடையைத் தூர் வார வேண்டும், கூட்டத்தைச் சீக்கிரம் முடிக்க வேண்டும். மூன்றாவது கொள்கைக்கு ஆதரவு பயங்கரமாக இருந்தது.

இராமகிருஷ்ணன் யோசித்தார். எதிர்த்து யாரும் நிற்காத போன தேர்தலிலும் தன் படத்தை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருந்தார். அவர் நிறமே ஜெராக்ஸுக்குச் சவால். மூக்கும் முழியும் ஒன்றாகிக் கறுப்பாக வந்த அந்தப் படத்தைப் பார்த்து, மாடி வீட்டு எத்திராஜ், "தலைவர் ஏன் போஸ்டர்ல கைநாட்டு வெச்சிருக்காரு?" என்று கேட்டது இன்னும் குடியிருப்பில் உலவிக்கொண்டிருந்தது. இந்த முறை பல வண்ணத்தில் போஸ்டர் அடிப்பது என்று முடிவு செய்தார். நாலு பிளாக்குக்கு நடக்கிற தேர்தலுக்குக் கலர் போஸ்டரா என்று அவர் மனைவி பத்மா கேட்டாள். மக்கள் ஆசைப்படுகிறார்கள் என்றார்.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வேலுசாமியின் ஸ்டூடியோவில் அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. போட்டோவை உள்ளே விட்டு நிறத்தை மாற்றி வெளியே எடுக்கலாம் என்று வாசலில் போர்டு வைத்திருந்தான். கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் ஏசி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். காலில் இருக்கிற தூசி மூலமாகத்தான் வைரஸ் பரவுகிறது என்பது வேலுசாமியின் நம்பிக்கை.

இராமகிருஷ்ணன் போனது ஆயுத பூஜை முடிந்து கடை திறந்த முதல் நாள். இங்கே ஒரு விவரம் சொல்லியாக வேண்டும். அக்கம்பக்கத்து லேத்துப் பட்டறைக்காரர்கள் எல்லாம் மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் அப்பிப் பூஜை போடுவதைப் பார்த்து, வேலுசாமியும் தன் கம்ப்யூட்டருக்குப் போட்டிருந்தான். கண் கூசாமல் இருப்பதற்காக மானிட்டருக்கு முன்னால் மாட்டுகிற கறுப்புக் கண்ணாடியில் மூன்று பொட்டு வைத்ததோடு விட்டிருக்கலாம். கடன் வாங்கி வாங்கிய மெஷின்; பக்தி அதிகம். சந்தனத்தைக் குழைத்த தண்ணீரில் துணியை நனைத்து, கண்ணாடி முழுக்க மேலிருந்து கீழாக ஒரே சீராகப் பூசிவிட்டான். லீவு நாளில் அது காய்ந்து மெல்லிய மஞ்சள் ஏடாகப் படிந்துவிட்டது. லேத்துக்குச் சந்தனம் பூசினால் போல்ட்டு மஞ்சளாக வராது. கம்ப்யூட்டர் விஷயம் அப்படி இல்லை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அதில் வேலை பார்க்கிற ஜெயசீலி ஆவடியிலிருந்து வருகிறவள். காலையில் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள் அந்த மஞ்சளைப் பார்த்தாள். துடைக்கத் துணியையும் எடுத்தாள். முதலாளி பூஜை போட்ட சந்தனத்தை வேதக்காரப் பெண் துடைத்தாள் என்று பேச்சு வந்தால் என்ன செய்வது? துணியை மடித்து வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கண்ணும் பழகிவிட்டது.

இராமகிருஷ்ணனின் படம் திரையில் மெல்ல மெல்ல மேலிருந்து கீழே இறங்கியது. அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னம்மா இது? மஞ்சக்காமாலை வந்தவன் மாதிரி இருக்கேன்."

"ஸ்கேனர்ல அப்படித்தான் சார் வரும். மஞ்சளை எடுத்துட்டா சரியாயிடும்."

திரையின் ஓரத்தில் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே ஒரு கோடு. அதன் மேல் ஒரு சின்ன முக்கோணம். அதை நீலத்தின் பக்கம் கொஞ்சம் தள்ளினாள். மணல் கடிகாரம் வந்து நின்றது. அந்தக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் அப்படி யோசிக்கும். முகத்தில் மஞ்சள் கொஞ்சம் குறைந்தது.

"இன்னும்," என்றார்.

தள்ளினாள். மறுபடி மணல் கடிகாரம். தன் முகம் என்பதால் கம்ப்யூட்டர் நிதானமாகச் செய்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். காத்திருக்கும் நேரத்தில், தங்கள் பரம்பரையே சிவப்பு என்றும், ஆவடி வெயிலில் நாட்டுக்காக நின்றதில்தான் இப்படி ஆனது என்றும் சொன்னார். அவர் வேலை செய்வது தகரக் கூரைக்கு அடியில், மின்விசிறிக்கு நேர் கீழே.

"நேச்சுரலா இருக்கணும்மா. ஆனா செவப்பா இருக்கணும்."

"ரெண்டுல எது சார்?"

"ரெண்டும்தான்."

ஜெயசீலி வெளிச்சத்தையும் ஏற்றினாள். அவள் இதுவரை பெண் பார்க்க அனுப்புகிற படம் எத்தனையோ பார்த்தவள். அதிலெல்லாம் பெண்ணைப் பெற்றவர்கள்கூட இவ்வளவு கேட்டதில்லை. முக்கோணம் நீலத்தின் கடைசிக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றபோது, மஞ்சள் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் அவர் பொன்னிறமாக உட்கார்ந்திருந்தார். பிறந்ததிலிருந்து கண்ணாடியில் எதிர்பார்த்துக்கொண்டிருந்த முகம் அது. எட்டிப் பார்த்த வேலுசாமி, சாருக்கு ராஜ களை என்றான்.

படத்தின் கீழே போடுவதற்கான வாசகத்தை அவரே சொந்தமாக எழுதிக் கொண்டுவந்திருந்தார்: 'என்றும் உங்கள் நெஞ்சில் வாழும் தலைவர்.'

திருவல்லிக்கேணியில் ஒரு அச்சகத்துக்கு அதை டிஸ்கில் போட்டு அனுப்பினார்கள். கொடுத்த நிறத்தைக் கேள்வி கேட்காமல் அடித்துக் கொடுப்பது அந்த அச்சகத்தின் கொள்கை. போஸ்டர் கட்டு நேராகத் துலுக்கானத்திடம் போயிற்று. அந்த வட்டாரத்தில் யார் வீட்டில் எழவு விழுந்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுகிறவன் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் பசையைக் காய்ச்சி, வழக்கமாக ஒட்டுகிற இடங்களிலெல்லாம் ஒட்டிவிட்டான்.

தலைவர் அன்று காலை ஊரில் இல்லை. நூம்பலில் சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தார். சாப்பிட்டுவிட்டு மதியம் முகப்பேரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே மாற்றம் தெரிந்தது. தெரியாத ஒருவர் ஓடி வந்து கையில் இருந்த தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டார். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து, போஸ்டர் ஒட்டிய சுவரை மறைத்துக்கொண்டு நின்றார்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். குடியிருப்பு வாசலில் இரண்டு வாலிபர்கள் ஆளுக்கொரு பக்கமாகக் கையைப் பிடித்துப் படியேற்றினார்கள். கலர் வேலை செய்கிறது என்று இராமகிருஷ்ணன் உள்ளுக்குள் பூரித்தார். இத்தனை மரியாதை வெறும் ஜெராக்ஸில் வந்திருக்குமா?

பத்மா கதவைத் திறந்தாள். கூடத்து மேஜை மேல் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரிசையாக நின்றன. சாத்துக்குடி தனியாகக் குவிந்திருந்தது.

"யாருக்கு என்ன?" என்றார்.

"உங்களுக்குத்தான். காலையிலேர்ந்து வந்து விசாரிச்சுட்டுப் போறாங்க. எவ்வளவு நாளா இப்படின்னு கேக்கறாங்க. கல்யாணம் ஆன நாளா இப்படித்தான்னு சொல்லி அனுப்பினேன்."

"என் உடம்புக்கு என்ன?"

"எனக்கென்ன தெரியும்? கீழ போய் உங்க மூஞ்சியைப் பாத்துட்டு வாங்க."

போய்ப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிச் சுவரில், அடுத்தடுத்து அவர் ஆறு பேராக ஒட்டப்பட்டிருந்தார். ஆறு பேரும் நீலம். நெற்றி வெளிர் நீலம், கன்னம் கருநீலம், உதடு நாவல் பழம் தின்றது போல. கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் பனிக்கட்டி. பாம்பு கடித்து, வைத்தியர் வீடு வரை போய், கதவு பூட்டியிருந்ததால் திரும்பி வந்தவரைப் போலிருந்தார். அடியில், என்றும் உங்கள் நெஞ்சில் வாழும் தலைவர்.

பசை வாளியோடு துலுக்கானம் நின்று தன் கைவேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் பதறினான்.

"இன்னா சார், எயுந்து வந்துட்ட? படுத்துகினு கீறதா சொன்னாங்கோ."

"யார் சொன்னது?"

"ஊரே சொல்லுது." கொஞ்சம் யோசித்துவிட்டு நேர்மையாகச் சேர்த்துக்கொண்டான்: "மொதல்ல நான்தான் சார் சொன்னேன். டீக்கடையாண்ட ஒட்டசொல்ல, யாருக்கு இன்னாபான்னு கேட்டாங்கோ. நான் ஒட்டுறதே அந்த மேரி போஸ்டர்தானே. இதுல தேதி எதுவும் போடல. சரி, இன்னும் இஸ்துகினு கீதுபான்னேன். போய்ட்டாருன்னா சொன்னேன்?"

இராமகிருஷ்ணன் ஒரு போஸ்டரைக் கிழித்துச் சுருட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தார். ஆட்டோக்காரன் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டான்.

ஸ்டூடியோ சாத்தியிருந்தது. வேலுசாமி பின்கட்டிலேயே குடியிருந்ததால் கதவைத் தட்டித் திறக்க வைக்க முடிந்தது. ஆர்டர் நிறைய என்று ஜெயசீலியும் சர்ச்சில் பூசை முடிந்து வேலைக்கு வந்திருந்தாள். இராமகிருஷ்ணன் போஸ்டரை விரித்துக் காட்டினார். ஜெயசீலி கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தாள். திரையில் அவர் பொன்னாக இருந்தார். கையில் நீலமாக இருந்தார். அச்சகத்துக்காரனைத் திட்ட வேலுசாமி வாயெடுத்தபோது, அவள் மடித்து வைத்திருந்த துணியை எடுத்துக் கண்ணாடியின் ஒரு மூலையை மட்டும் துடைத்தாள். துடைத்த இடத்தில் ஒரு நீலக் காது தெரிந்தது.

முழுக்கத் துடைத்தாள். முழுத் தலைவரும் நீலமாக வெளிப்பட்டார்.

வேலுசாமி விறைத்துக்கொண்டு நின்றான். பூஜை போட்டது தப்பு என்று யாராவது சொன்னால் சண்டைக்குத் தயார் என்பது போலிருந்தான். பிறகு இறங்கி வந்து, தன் செலவிலேயே திருத்தி வேறு போஸ்டர் அடித்துத் தருவதாகவும், அச்சுக் கோளாறால் தலைவர் நீலமாகிவிட்டார், ஆள் சௌக்கியம் என்று அதிலேயே ஒரு வரி போட்டுவிடலாம் என்றும் சொன்னான். தேர்தலுக்கு முன்பே கிடைத்துவிடும். அப்படியே செய், நாளைக் காலையில் ஆரம்பி என்று இராமகிருஷ்ணன் கர்ஜித்துவிட்டுத் திரும்பினார். திரும்பும் வழி முழுக்க, அடுத்த கூட்டத்தில் இது பற்றிப் பேச வேண்டிய நாலு வார்த்தையை மனதில் அடுக்கிக்கொண்டே வந்தார்.

வீட்டில் பார்வதம் காத்திருந்தாள். அவள் கையிலும் ஒரு ஹார்லிக்ஸ். இவர் உள்ளே வந்ததும் எழுந்து, மின்விசிறியைத் தானே வேகமாக வைத்தாள்.

"பேசாதீங்க சார். உக்காருங்க," என்றாள். "நான் சொல்லிட்டுப் போயிடறேன். உங்களுக்கு இப்படின்னு தெரியாம போட்டிக்கு நின்னுட்டேன். காலையில போஸ்டரைப் பாத்ததும்தான் தெரிஞ்சுது. இந்த ஒடம்போட நீங்க மாடி மாடியா ஏறி ஓட்டுக் கேட்டு, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பாவம் எனக்குத்தானே? நான் வாபஸ் வாங்கிக்கறேன் சார். நீங்களே இருங்க தலைவரா."

அவள் கண் கலங்கியிருந்தது. தந்திரம் ஏதும் இல்லை, அவ்வளவும் நிஜம்.

எனக்கு ஒன்றும் இல்லை, அது சந்தனம், என்று சொல்ல இராமகிருஷ்ணன் வாயைத் திறந்தார். கண் முன்னால் இரண்டு காட்சிகள் ஓடின. ஒன்றில் அவர் சௌக்கியமாக இருந்தார், தேர்தல் நடந்தது, சீக்கிரம் முடிகிற கூட்டத்துக்கு ஆசைப்பட்டு ஜனங்கள் பார்வதத்துக்கு வரிசையில் நின்றார்கள். இன்னொன்றில் அவருக்கு உடம்பு சரியில்லை. நாற்காலி அவரிடமே இருந்தது.

அவர் இருமினார்.

முதல் இருமல் கொஞ்சம் வறட்டுத்தனமாக வந்தது. இரண்டாவது நன்றாக அமைந்தது. பார்வதம் பதறிப் போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். உங்கள் பெருந்தன்மையை மறக்க மாட்டேன் என்று அவர் ஈனஸ்வரத்தில் சொன்னார். அவள் போன பிறகு ஸ்டூடியோவுக்குப் போன் போட்டு, புதுப் போஸ்டர் ஒன்றும் வேண்டாம், இருப்பதே நன்றாக இருக்கிறது என்றார். பத்மா சாத்துக்குடியை உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மூணாவது இருமலுக்கு நெஞ்சுல கை வெச்சுக்கணும்," என்றாள். "எங்க பெரியப்பா அப்படித்தான் இருமுவாரு. அவருக்கு நிஜமாவே இருந்தது."

பொதுக்குழு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஷாமியானா போட்டுக் கூடியது. போட்டியின்றித் தேர்வானார் என்று அறிவித்தார்கள். மேடையில் அவருக்கு மட்டும் கை வைத்த நாற்காலி, முதுகுக்குத் தலையணை, பக்கத்தில் ஒரு மேஜை விசிறி. வாரம் முழுக்க வீட்டுக்குள்ளேயே படுத்திருந்ததில் அவருக்குள் வார்த்தைகள் முட்டிக்கொண்டு நின்றன. மைக்கைப் பார்த்ததும் தாங்க முடியவில்லை. எழுந்து, "அன்பார்ந்த குடியிருப்பாளர்களே," என்றார்.

கூட்டம் மொத்தமும் எழுந்துவிட்டது. எத்திராஜ் ஓடி வந்து தோளைப் பிடித்து உட்கார வைத்தார். மூச்சு வாங்கும் சார், வேண்டாம் என்று நாலு பக்கமும் குரல். தலைவர் சார்பாக நானே இரண்டு வார்த்தை சொல்கிறேன் என்று பார்வதம் மைக்கை வாங்கினாள். இரண்டு வார்த்தை என்றால் அவளுக்கு இரண்டு வார்த்தைதான். நாளைக்குத் தொட்டி கழுவ ஆள் வருகிறது, நாளை மறுநாள் சாக்கடைக்கு லாரி வருகிறது. அந்தச் சங்கத்தின் வரலாற்றில் முதன்முறையாக மக்கள் விழித்திருக்கும்போதே கைதட்டினார்கள்.

இராமகிருஷ்ணனுக்கு நெஞ்சு நிஜமாகவே அடைத்தது. எட்டி மைக்கைப் பிடித்துக்கொண்டு, தனக்கு இப்போது பூரணமாகக் குணமாகிவிட்டது என்று அறிவித்தார்.

எத்திராஜ் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா சார்? ரொம்ப சந்தோஷம். அப்ப தேர்தலையே முறைப்படி வெச்சுடலாமே. எல்லாரும் இங்கதான இருக்கோம், கை தூக்கினா முடிஞ்சுது. ஏம்மா பார்வதம், நீங்க நிக்கறீங்கதானே?"

"சாருக்குக் குணமாயிடுச்சுன்னா நிக்கறதுக்கு எனக்கென்ன?" என்றாள் பார்வதம். அங்கங்கே கைகள் தூக்கத் தயாராக எழும்பின.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் மைக்கைப் பார்த்தார். அதைக் கையிலிருந்து விடுவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு மெல்ல நாற்காலியில் சாய்ந்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு இருமினார்.

"பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன், பேச வேண்டாம்னு," என்றார் எத்திராஜ், விசிறியைத் திருப்பி வைத்துக்கொண்டே.

கூட்டம் முடிந்தது. போண்டா சுடச்சுட வந்தது. முதல் வரிசையிலிருந்து தட்டு ஒவ்வொருவராகக் கை மாறிக்கொண்டு மேடைக்கு ஏறியது. இராமகிருஷ்ணன் கையை நீட்டினார். தட்டை வைத்திருந்தவர், ஐயோ, உங்களுக்கு எண்ணெய்ப் பண்டம் ஆகுமா சார் என்று பாசத்தோடு கடிந்துகொண்டு, அதைப் பார்வதத்தின் பக்கம் கொண்டுபோனார். தலைவருக்கு ஒரு டம்ளர் வெந்நீர் வந்தது.